டிரெய்லர் கூரையில் காக்காய்ச் சோறு

என் மகளின் வலது கையை உடைத்தது கரடி இல்லை. கேட்பவர்களிடம் கரடி என்றுதான் சொல்லியிருக்கிறோம். கோயம்புத்தூரிலிருந்து என் அக்கா போனில் அழுதபோது என் கணவர் "கரடிங்க" என்றார், நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இங்கே பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் ஒரு பெண் "கரடி கடிச்சிருச்சாமே?" என்று கேட்டபோது, "கடிக்கலைங்க, கூரை விழுந்துச்சு" என்றேன். அதுவும் பொய். கூரை அவளைத் தொடவே இல்லை.

அவள் எனக்கு முப்பத்தெட்டு வயதில் பிறந்தவள். அதற்கு முன் இரண்டு கருக்கள் நிலைக்கவில்லை. அதனால் நான் எப்படிப்பட்ட அம்மாவாக இருந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏழு வயதிலும் அவளுக்குத் திராட்சையை நான்காக வெட்டித்தான் கொடுத்தேன். பள்ளிப் பேருந்து கிளம்பினால் அடுத்த நிறுத்தம் வரைக்கும் காரில் பின்னாலேயே போவேன். பிஸ்கட்டவேயில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் இது தெரியும்.

டிரெய்லரை வாங்கியது என் கணவர். இரண்டு தெரு தள்ளி ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன் வீட்டுப் புல்வெளியில் விற்பனைப் பலகையோடு நிறுத்தியிருந்தார். பாப்-அப் டிரெய்லர் என்பார்கள். மூடியிருக்கும்போது இடுப்பளவு உயரத்தில் சக்கரம் வைத்த பெட்டி. முன்னால் ஒரு கைப்பிடி இருக்கும். அதைச் சுற்றினால் உள்ளே இரும்பு வயர் இழுபட்டு, நான்கு மூலைக் கால்களின் மேல் கூரை எழும்பும். இரண்டு பக்கமும் மேசை இழுப்பறை மாதிரி படுக்கைகளை வெளியே இழுக்கலாம். சுவரெல்லாம் கேன்வாஸ் துணி. இது எங்கள் கல்யாணத்தைவிட மூத்த வண்டி. திரைச்சீலைகள் ஆரஞ்சு நிறத்தில் பெரிய பெரிய பூ போட்டவை. உள்ளே நனைந்த நாய் வாடை.

"இதுல தூங்கறதுக்கு டர்ன்பைக் ஹைவே ஓரமா தூங்கலாம்" என்றேன்.

"நீ பேசாம இரு. அவ கிளாஸ்ல எல்லாரும் கேம்பிங் போறாங்க. மண்டே ஆனா வீக்கெண்ட் என்ன பண்ணீங்கன்னு டீச்சர் கேக்கறாங்களாம். இவ எத்தனை வாரத்துக்கு டெம்பிள் போனேன், டெம்பிள் போனேன்னே சொல்லுவா?"

"பொய் இல்லையே."

"அதான் பிரச்னையே."

கிழவர் என் கணவரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை ஒரே விஷயத்தைச் சொன்னார். வயர் பழசு. கூரையை ஏற்றியதும் நான்கு மூலையிலும் இந்த அலுமினியக் கம்பிகளை முட்டுக் கொடுக்க வேண்டும். கம்பி இல்லாமல் உள்ளே யாரும் இருக்கக் கூடாது. நானும் கேட்டேன். என் கணவர் தலையை ஆட்டி ஆட்டி "ஷ்யூர், ஷ்யூர்" என்றார்.

ஆகஸ்ட்டில் ஒரு வாரக்கடைசிக்கு இடம் பதிவு செய்தார். மாநிலத்தின் வடமேற்கு மூலையில், மலையடிவாரத்தில், டெலவேர் ஆற்றை ஒட்டிய முகாம். புறப்படுவதற்கு மூன்று நாள் முன்புதான் சமையலறைக் காலண்டரைப் பார்த்தேன். சனிக்கிழமை ஆடி அமாவாசை.

"கேன்சல் பண்ணிடலாமா?" என்றேன். மாமனார் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"எதுக்கு? ஆறே இருக்குது. வீட்ல பாத்டப்ல நின்னு பண்றேனே, அதுக்கு இது மேல். எங்கப்பா சந்தோஷப்படுவாரு."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் 287ஆம் நெடுஞ்சாலையில் ஏறி, 80 பிடித்துப் போனோம். முகாம் வாசலில் பச்சைச் சட்டை போட்ட ரேஞ்சர் பெண் ஒரு மஞ்சள் காகிதத்தைக் கொடுத்தாள். அதில் கரடி படம். இந்தக் கோடையில் நடமாட்டம் அதிகம், உணவுப் பொருள் எதுவும் வெளியிலும் டிரெய்லரிலும் இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் கார் டிக்கியில் வைத்துப் பூட்டுங்கள், பற்பசைகூட என்றாள்.

அந்தக் காகிதத்தை நான் காரிலேயே மூன்று முறை சத்தமாகப் படித்தேன். இரவு அவள் பல் தேய்த்ததும் பற்பசையை எடுத்துப்போய் டிக்கியில் வைத்தேன். அவளுடைய செர்ரி வாசனை சோப்பையும் வைத்தேன். அவள் ஃபிராக் பாக்கெட்டுகளைத் திருப்பி உதறிப் பார்த்தேன். ஒரு மிட்டாய்க் காகிதம் கிடைத்தது. அதற்கும் திட்டினேன்.

காலையில் என் கணவர் ஆற்றில் முழுகி, எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, ஈர வேட்டியோடு பாறைகளின் மேல் கால் வைத்துக் கூசிக் கூசி நடந்து வந்தார். பேன்ட் மாற்றிக்கொண்டு வேட்டியைப் பிழிந்தவர், அதைக் காயப்போட இடம் தேடினார். மரங்கள் தள்ளித் தள்ளி இருந்தன. டிரெய்லருக்குப் போய் முன்பக்க மூலைகளிலிருந்து இரண்டு கம்பிகளை உருவிக்கொண்டு வந்து, மண்ணில் நட்டுக் கயிறு கட்டினார்.

"ஏங்க, அது முட்டுக் கம்பி."

"பகல்தானே. தூங்கறதுக்கு முன்னாடி மாட்டிடறேன்."

"அந்தத் தாத்தா என்ன சொன்னாரு?"

"வயர் எவ்ளோ டைட்டா இருக்கு பாரு." குனிந்து, கைப்பிடிக்குப் பக்கத்தில் தெரிந்த வயரை வீணைக் கம்பி மாதிரி ஒரு மீட்டு மீட்டினார். "டொய்ங்" என்றது. மகள் சிரித்தாள். நான் அடுப்பைப் பற்றவைக்கப் போனேன். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவளின் பேச்சை வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஒரு கட்டத்தில் அவளே அதை நம்ப ஆரம்பித்துவிடுகிறாள்.

அமாவாசைச் சமையலைக் குறைத்தே செய்தேன். வெளியே கேஸ் அடுப்பில் சோறு, பருப்பு, வாழைக்காய், பாயசம், பத்து வடை. ஒரு பேப்பர் பிளேட்டில் சோற்றை நெய்யும் பருப்பும் விட்டுப் பிசைந்து, மேலே இரண்டு வடை வைத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் தரையில் வைக்கப் போனார்.

"கீழ வேண்டாம், எறும்பு மொய்க்கும். மேல வைங்க" என்று சொன்னது நான்தான்.

ஊரில் மாடியில் வைப்போம், கைப்பிடிச் சுவரில் வைப்போம். இங்கே உயரமாக இருந்தது டிரெய்லர் கூரை மட்டும்தான். அவர் முன்னால், காரில் மாட்டும் கொக்கிப் பக்கம், கேஸ் சிலிண்டர் பெட்டிமேல் ஏறி, பிளேட்டைக் கூரை நடுவில் தள்ளி வைத்தார்.

பற்பசையைப் பூட்டி வைத்தவள் நான். மீந்துபோன வாழைக்காய்த் தோலைக்கூட இரண்டு பைகளில் கட்டி டிக்கியில் வைத்தவள். காக்காய்க்கு வைப்பதை உணவுப் பொருள் என்று நான் நினைக்கவே இல்லை. அது மாமனாருக்கு வைத்தது. மஞ்சள் காகிதத்தில் சொல்லியிருந்ததற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை.

"கா, கா, கா" என்று அவர் வாய்க்கு இரண்டு பக்கமும் கை வைத்துக் கூப்பிட்டார். ஒன்றும் வரவில்லை.

"அப்பா, தே டோன்ட் ஸ்பீக் டமில்" என்றாள் மகள்.

"காக்காவுக்கு எல்லா பாஷையும் தெரியும், போடி."

பக்கத்து இடத்தில் பிக்கப் டிரக்கோடு தனியாக வந்திருந்த ஒரு பெரியவர் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். என் கணவர் ஆங்கிலத்தில், என் அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடுகிறேன் என்றார். பெரியவர் தலையசைத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, உங்கள் அப்பா எங்கிருந்து வருகிறார் என்று கேட்டார். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். நாங்கள் மூவரும் சேர்ந்து சிரித்தது அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு இல்லை.

காக்காய் வரவே இல்லை. குழந்தைக்குப் பசி என்று நாங்கள் சாப்பிட்டோம். அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு டிரெய்லருக்குள் போய், இழுத்துவிட்ட படுக்கையில் குப்புறப் படுத்தாள். அவர் நாற்காலியில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கிப்போனார். நான் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்குப் போனேன். நாற்பது அடி இருக்கும்.

குக்கரை மண் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கரடியை நான் முதலில் பார்த்தது பின்னாலிருந்து. சிலிண்டர் பெட்டிமேல் நின்றுகொண்டு முன்னங்கால்களைக் கூரைமேல் போட்டிருந்தது. பின்னங்காலின் உள்ளங்கால் மனிதக் கால் போலவே இருந்தது, வெடித்து, மண் ஒட்டி. யாரோ கறுப்புக் கம்பளி போர்த்திய ஆள் எங்கள் டிரெய்லரில் ஏறுகிறான் என்றுதான் ஒரு கணம் நினைத்தேன். பிறகு அது உந்தி மேலே ஏறியது.

வயர் அறுந்த சத்தம் துப்பாக்கி வெடித்த மாதிரி இருந்தது. கைப்பிடி தானாக, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில், பின்னோக்கிச் சுற்றியது. முட்டு இல்லாத முன்பக்கம் முதலில் இறங்கியது. பின்பக்கக் கம்பிகள் இரண்டும் வளைந்து தெறித்து விழுந்தன. கேன்வாஸ் நெடுக்காகக் கிழிந்தது. கரடியோடு சேர்ந்து முழுக் கூரையும் பெட்டிமேல் மூடிக்கொண்டது. டிரங்குப் பெட்டியை ஓங்கிச் சாத்துவதுபோல.

நான் கத்தினேனா என்று தெரியவில்லை. ஓடினேன். குக்கர் மூடி கையிலேயே இருந்திருக்கிறது. அதை எறிந்தேன். கரடியின் விலாவில் பட்டு விழுந்தது. அது என்னைப் பார்த்து உறுமியது, பல் தெரிந்தது, ஆனால் இறங்கவில்லை. கூரைமேல் நின்று கொட்டிக் கிடந்த நெய்ச்சோற்றை நக்கியது. அதன் காலுக்குக் கீழே என் குழந்தை.

"போடா! போடா நாயே!" என்று என் கணவர் மடக்கு நாற்காலியால் அதை அடித்தார். ஓங்கி ஓங்கி அடித்தார். நாற்காலியின் குழாய் வளைந்து போயிற்று. பக்கத்துப் பெரியவர் டிரக்கின் ஹாரனை விடாமல் அழுத்தினார். கரடி ஒரு கையை வீசியது, என் கணவரின் சட்டை தோளிலிருந்து கிழிந்து தொங்கியது. அதெல்லாம் டிரெய்லரின் முன்பக்கம். நான் மறுபக்கம் போய்விட்டிருந்தேன்.

"அம்மா."

கூரைக்கும் பெட்டிக்கும் நடுவில், கிழிந்த துணிக்குள்ளிருந்து, ஒரு கை வெளியே வந்தது. முழங்கைக்கு மேல் வரை. விரல்கள் விரிந்து தேடின. நான் அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"டோன்ட் புல்!" என்று பெரியவர் டிரக்கிலிருந்து கத்தினார். "லேடி, டோன்ட் புல் ஹர்!" எனக்கு நன்றாகக் கேட்டது. அர்த்தமும் புரிந்தது. நான் எம்.எஸ்ஸி. படித்தவள், இந்த நாட்டில் பத்து வருடமாக இருப்பவள், அந்த இரண்டு வார்த்தை புரியாமல் இல்லை. ஒரு காலைச் சக்கரத்தில் உதைத்து ஊன்றிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தேன். அவள் அலறினாள். அவளை மேலிருந்து கரடி ஏதோ செய்கிறது என்று நினைத்து இன்னும் பலமாக இழுத்தேன். மூன்றாவது தடவை என் உள்ளங்கைகளில் ஒன்று நடந்தது. சத்தம் இல்லை. ஏதோ ஒன்று இடம்விட்டு நகர்ந்தது. அதுவரை விறைப்பாக இருந்த கை அப்படியே கனத்துப்போனது. அலறல் நின்றது.

அப்போதும் நான் விடவில்லை.

என் கணவர் என்னைக் கன்னத்தில் அறைந்தார். அவர் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். "விடுடி! விடு கையை! அது போயிடுச்சு, எப்பவோ போயிடுச்சு!" என்று கத்தி, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, என்னைத் தரையில் தள்ளினார். நான் மண்ணில் கிடந்தபடி நிமிர்ந்து பார்த்தேன். கூரைமேல் ஒன்றும் இல்லை. நசுங்கிய பேப்பர் பிளேட் மட்டும் இருந்தது. நான் முதல் இழுப்பு இழுப்பதற்கு முன்பே கரடி குதித்து மரங்களுக்குள் ஓடிவிட்டிருக்கிறது. பெரியவர் பிறகு சொன்னார். நான் ஒரு தடவை தலையைத் தூக்கியிருந்தால் தெரிந்திருக்கும்.

பெரியவர் டிரக்கிலிருந்து ஜாக்கியைக் கொண்டு வந்து கூரைக்கு அடியில் கொடுத்து, நிதானமாக, ஒவ்வொரு பல்லாக ஏற்றினார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. என் கணவர் உள்ளே ஊர்ந்து போனார். அவள் படுக்கையில் இல்லை. புத்தகம் கீழே விழுந்ததை எடுக்க இறங்கியிருக்கிறாள். இரண்டு பெஞ்சுகளுக்கும் நடுவில், நான் இழுத்த பக்கத்துச் சுவரை ஒட்டித் தரையில் இருந்தாள். மடக்கு மேசை அவள் கால்களின் மேல் விழுந்து மாட்டிக்கொண்டிருந்தது. முழங்காலில் ஒரு சிராய்ப்பு. கூரையின் விளிம்பு அவள் படுத்திருந்த தலையணையை இரண்டாக மடித்து அழுத்தியிருந்தது. அவள் இருந்த இடத்தில் கூரை அவளைத் தொட்டிருக்கவே முடியாது. அந்த மூன்று நிமிடம் நான் அவள் கையை வெறுமனே பிடித்துக்கொண்டு இருந்திருந்தால் போதும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டிக் காட்டினார். தோளை ஒட்டி, எலும்பு வளரும் இடத்திலேயே பிளந்திருந்தது. கை முன்போல மேலே எழும்புமா என்று இப்போது சொல்ல முடியாது, வளரும் குழந்தை, பார்க்கலாம் என்றார். பிறகு, மேலிருந்து கனம் விழுந்தால் எலும்பு இப்படி உடையாது, இது இழுத்ததால் வந்தது என்றார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டாக்டர், கரடி..." என்று என் கணவர் ஆரம்பித்தார்.

"நான் இழுத்தேன்" என்றேன்.

அதனால் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஃபைலோடு ஒரு பெண் வந்தாள். மரியாதையாகப் பேசினாள். என் கன்னத்தில் இருந்த விரல் தடத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டாள். எங்களை வெளியே நிற்கச் சொன்னாள். குழந்தையைக் கூட்டிப்போய்விடுவார்கள் என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடுவில் ஒரு திரைதான். என் மகள் மருந்து மயக்கத்தில், ஆனால் தெளிவாக, ஆங்கிலத்தில் சொன்னாள். கரடி என்னை எதுவும் பண்ணவில்லை. அம்மாதான் பண்ணினாள். "ஐ ஸெட் ஸ்டாப். ஐ ஸெட் ஸ்டாப் லைக் எ ஹண்ட்ரட் டைம்ஸ்."

எனக்கு அந்த வார்த்தை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பெரியவர் டிரக்கிலிருந்து சொன்னது கேட்டது. கைக்கு அந்தப் பக்கம் இரண்டடியில் இருந்தவள் சொன்னது கேட்கவில்லை.

அந்தப் பெண் ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்து அறைகளைப் பார்த்தாள். ரேஞ்சரிடமும் பெரியவரிடமும் பேசியிருந்தாள். பிறகு ஒரு கடிதம் வந்தது, விசாரணை முடிந்தது என்று. என் கணவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "முடிஞ்சுது, விடு" என்றார். டிரெய்லரை முகாமிலேயே விட்டுவிட்டோம், யாரோ இழுத்துப்போனார்கள்.

கட்டு போட்டிருந்த ஐந்து வாரமும் அவள் என்னை இடது பக்கம்தான் வரவிட்டாள். நான் வலது பக்கம் போனால் தன்னால் தோளைச் சுருக்கிக்கொள்வாள். வேண்டுமென்று செய்யவில்லை. டிவி பார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமலேயே செய்வாள். தலை பின்ன, ஃபிராக் போட எல்லாவற்றுக்கும் அப்பா. அவருக்கு ஜடை பின்னத் தெரியாது. கயிறு முறுக்குகிற மாதிரி முறுக்கி அனுப்புவார்.

கட்டைப் பிரித்ததும் கைக்குப் பிசியோதெரபி. தினமும் வீட்டிலும் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் தோள் இறுகிப்போய்விடும், அப்புறம் கை தோளுக்கு மேலே போகாது என்றாள் தெரபிஸ்ட். முறை இதுதான். பிள்ளை மல்லாந்து படுத்துக்கொள்ளும். வீட்டில் ஒருவர் மணிக்கட்டையும் முழங்கையையும் தாங்கிப் பிடித்து மெல்ல மேலே தூக்க வேண்டும். பிள்ளை ஸ்டாப் சொல்லும் இடத்தில் நிறுத்த வேண்டும். காலையில் இருபது, சாயங்காலம் இருபது. யார் செய்வீர்கள் என்று கேட்டாள்.

"அப்பா" என்றாள் மகள்.

அவருக்கு நியூயார்க் வேலை. ஆறு மணி ரயிலில் போய் இரவு எட்டுக்கு வருகிறவர். தெரபிஸ்ட் என்னைப் பார்த்தாள்.

முதல் நாள் சனிக்கிழமை. ஹாலில் கார்ப்பெட்டில் படுத்தாள். நான் வலது பக்கம் உட்கார்ந்தேன். கையை நீட்டினேன்.

"ஸ்டாப்."

இன்னும் தொடவில்லை. நிறுத்தினேன். என் கைகள் அந்தரத்தில் இருந்தன. அவள் என் விரல்களையே பார்த்தாள். கொஞ்சம் கழித்து, "ஓகே" என்றாள். நகர்த்தினேன்.

"ஸ்டாப்."

நிறுத்தினேன்.

சமையலறை வாசலில் நின்றிருந்த என் கணவர் பொறுமையிழந்தார். "அவ விளையாடறா. டுவன்ட்டி டைம்ஸ் பண்ணணும். நீ புடிச்சுத் தூக்கு."

"அவ ஸ்டாப் சொல்றா."

"இப்படியே ஒவ்வொண்ணுக்கும் நின்னா கை எப்படி மேல போகும்?"

"நீங்க உள்ள போங்க."

போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. எனக்குள்ளேயும் அவர் கேட்ட கேள்விதான் ஓடியது. கை எழும்பாமலே போய்விட்டால் என்ன செய்வது? இப்போதே, வலித்தாலும் பரவாயில்லை என்று, ஒரே மூச்சில் தூக்கிவிட்டால்? என் கைகளுக்கு அந்த ஆசை இருந்தது. அது எனக்குத் தெரிந்தது, பயமாக இருந்தது. நான் என் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

அவள் அதைப் பார்த்தாள்.

"யூ நீட் டூ ஹேண்ட்ஸ், மா" என்றாள். "அந்த லேடி டூ ஹேண்ட்ஸ்னு சொன்னாங்க."

கையை எடுத்தேன். மணிக்கட்டை ஒரு கையிலும் முழங்கையை ஒரு கையிலும் ஏந்தினேன். ஐந்து வாரத்தில் மெலிந்துபோயிருந்தது. தோல் உரிந்திருந்தது. தூக்கினேன். கார்ப்பெட்டிலிருந்து ஒரு சாண் எழும்பியதும் அவள் முகம் சுருங்கியது.

"ஸ்டாப்."

அங்கேயே பிடித்துக்கொண்டேன். ஒரு விரற்கடைகூட மேலே போகவில்லை.

"டௌன்."

இறக்கினேன்.

"ஒன்" என்று எண்ணினாள்.